மதகு வளைவில் புது டயர்

முபாரக் பாய் பழைய டயரின் மேல் ஏறி நின்று மிதித்தார். அது ரிம்மை விடவில்லை. இரண்டு லீவர்களை நுழைத்து நெம்பினார். ரப்பர் கிழிகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது.

"நின்ன எடத்துலயே நின்ன வண்டி தம்பி. ரிம்மோட ஒட்டிக்கினு கீது" என்றார்.

உத்திரமேரூர் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் அவர் கடை. நான் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். டயர் கழன்று வந்ததும் வாங்கிப் பார்த்தேன்.

"இது தேஞ்சதா பாய்?"

அவர் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். கட்டைவிரலால் அழுத்தினார். "நடுவுல தேஞ்சிருக்கு. ஓரத்துல ரப்பர் பட்டன் பட்டனா அப்டியே கீது."

"தேஞ்சதா, இல்லையா? ஒரே வார்த்தைல சொல்லுங்க."

"ஒரே வார்த்தைல சொல்ல இது இன்னா பரிட்சையா? மழைல பாத்தா தேஞ்சது. வெயில்ல பாத்தா தேயாதது. ஏன், இன்சூரன்ஸ்காரன் கேக்குறானா?"

"இல்ல. நான்தான் கேக்குறேன்."

பாய்க்குத் தெரியும். ஊரில் எல்லோருக்கும் தெரியும். அவர் பழைய டயரைச் சுவரோரம் சாய்த்து வைத்தார்.

போன பங்குனியில் இந்த வண்டியில் என் மனைவி சசிரேகா பின்னால் உட்கார்ந்திருந்தாள். அவள் பிறந்த ஊருக்குப் போய்க்கொண்டிருந்தோம். காவாந்தண்டலம் போகிற வழியில் ஏரிக்கரை மேல் ஒரு வளைவு. வளைவின் வெளிப்பக்கம் மதகு. அங்கே உளுந்துச் செடியைத் தார் ரோட்டில் பரப்பியிருந்தார்கள். எங்கள் பக்கத்தில் இது வழக்கம். களம் வேண்டாம், கூலி ஆள் வேண்டாம். போகிற வருகிற வண்டிகள் ஏறி மிதித்துக் கொடுத்துவிடும். சாயங்காலம் செத்தையை உதறிவிட்டு உளுந்தை வாரிக்கொண்டு போகலாம். வண்டிகள் ஒதுங்கித் தப்பிவிடக் கூடாதென்று மீதி ரோட்டில் கல்லும் முள்ளும் வைப்பார்கள். அன்றைக்கும் வைத்திருந்தார்கள். வைத்தவன் சசிரேகாவின் அண்ணன் மோகன்குமார்.

நாற்பதில் திரும்பினேன். பின் சக்கரம் காலடியிலிருந்து போய்விட்டது. சசிரேகாவின் கழுத்து மதகுக் கல்லில் அடித்தது. நான் எழுந்து போவதற்குள் முடிந்துவிட்டது. கண் திறந்திருந்தது. வாயிலிருந்து வந்த ரத்தத்தில் நாலைந்து உளுந்து ஒட்டியிருந்தது.

ஆம்புலன்ஸ் வருவதற்குள் மோகன்குமாரும் அவன் அம்மா பவளமும் ரோட்டை வாரிவிட்டார்கள். என் மாமியார் அழுதுகொண்டே வாரினார். போலீஸ் வந்தபோது செத்தை இல்லை, கல் இல்லை, முள் இல்லை. மோகன்குமார் என் பின் டயரைக் காட்டினான்.

"பாருங்க சார், மொட்ட டயரு. எம்பதுல வந்தான். புது டயரு போட்டிருந்தா என் தங்கச்சி உசுரோட இருந்திருப்பா."

அன்றிலிருந்து இதையே சொல்கிறான். டீக்கடையில் சொல்கிறான், கோயிலில் சொல்கிறான், அடுத்தவர் வீட்டுக் கல்யாணப் பந்தியில் சொல்கிறான். கேட்டுக் கேட்டு, சரியாகத்தான் சொல்கிறானோ என்று எனக்கே தோன்ற ஆரம்பித்தது. நான் மெக்கானிக்கல் படித்தவன். உராய்வுக்குச் சூத்திரம் தெரியும். என் மனைவியைக் கொன்றது எது என்று தெரியாது. டயர் என்றால், கொன்றவன் நான். செத்தை என்றால் அவன்.

போன வாரம் டவுன் பஸ்ஸில் அந்த வழியாகப் போனேன். ஜன்னலில் பார்த்தேன். அதே வளைவு. அதே இடத்தில் உளுந்து. அதே பாதியில் கல், முள். மோகன்குமார் தலையில் துண்டு கட்டிக்கொண்டு கவைக்கோலால் செடியைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தான். பஸ் ஏறியபோது காய்கள் வெடிக்கிற சத்தம் கேட்டது. பல்லுக்கடியில் எலும்பு நொறுங்கினால் அப்படித்தான் கேட்கும்.

மறுநாள் ஷெட்டைத் திறந்து வண்டியை வெளியே எடுத்தேன்.

பாய் புது டயரை ரிம்மில் ஏற்றிக் காற்றைத் திறந்தார். டயர் ரிம்மின் விளிம்பை நோக்கி முனகிக்கொண்டே நகர்ந்தது. திடீரென்று துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம். பின்னாலேயே இன்னொன்று. வாசலில் படுத்திருந்த நாய் எழுந்து ஓடியது.

"உக்காந்துச்சு" என்றார் பாய்.

முன்னும் பின்னும் புதுசு. கன்னங்கரேலென்று மினுங்கியது. உடம்பெல்லாம் சின்னச் சின்ன ரப்பர் முடி. பாய் கல்லாப் பெட்டியிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்தார். புது வண்டிக்கும் புது டயருக்கும் கேட்பார்கள் என்று எப்போதும் வைத்திருப்பார்.

"வேணாம் பாய்."

"உனக்கு வேணாம். டயருக்கு வேணும்." அவரே முன் சக்கரத்தின் கீழ் வைத்தார். நான் வண்டியை நகர்த்தினேன். பழம் பிதுங்கி என் ஷூவில் தெறித்தது.

எதிர் டீக்கடையில் எல்லப்பன் பார்த்துக்கொண்டிருந்தார். மாமியார் ஊர்க்காரர். கேட்ட சேதியை ஆறவிடாமல் கொண்டுபோய்ச் சேர்க்கிறவர்.

"நூறு நூத்தம்பது கிலோமீட்டர் நிதானமா போ தம்பி. அச்சுலேந்து எடுக்க மெழுகு தடவியிருப்பான். அது போற வரைக்கும் சாய்க்காத" என்றார் பாய்.

தெரியும் என்றேன். தெரிந்தும் பஸ் நிலையத் திருப்பத்தில் பின் சக்கரம் ஒரு ஜாண் வழுக்கியது. ஆட்டோக்காரன் கெட்ட வார்த்தையில் திட்டினான். அவனுக்குக் கை காட்டிவிட்டுப் போனேன். இந்த டயரோடு இப்போதே வளைவுக்குப் போகக் கூடாது. விழுந்தால் மெழுகு என்பார்கள். மெழுகு போக வேண்டும்.

அடுத்த மூன்று நாளும் ஓட்டினேன். காஞ்சிபுரம் வரை, அங்கிருந்து திருப்புட்குழி, தாமல். திரும்பவும் அதே வழி. பழைய டயர் நடுவில் தட்டையாகிப் போனதால் வண்டியைச் சாய்க்க முழங்கையால் தள்ள வேண்டியிருந்தது. ஓர் அளவுக்கு மேல் தடாலென்று கவிழும். இது அப்படியில்லை. இடுப்பை அசைத்தால் போதும், பார்த்த பக்கம் போனது. ரோட்டில் கிடக்கிற பொடிக்கல்கூட உள்ளங்கைக்குத் தெரிந்தது. வளைவுக்கு நடுவில் குழி வந்தால் வண்டி உதறிக்கொண்டு அதே கோட்டில் நின்றது. ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கூடுதலாகச் சாய்த்தேன். மினுமினுப்பு நடுவிலிருந்து ஓரத்துக்கு ஒதுங்கிக்கொண்டே போனது. முடிகள் உதிர்ந்தன. நல்ல டயர். வேறொருவனாக இருந்தால் சந்தோஷப்பட்டிருப்பான்.

மூன்றாம் நாள் தாமல் ஏரிக்கரையில் அறுபதில் வந்துகொண்டிருந்தேன். புதரிலிருந்து ஒரு நாய் குறுக்கே வந்தது. இரண்டு பிரேக்கையும் பிடித்தேன். வண்டி மூக்கைத் தரையில் குத்துகிற மாதிரி குனிந்து நின்றது. முன் டயர் நாயின் விலாவைத் தொட்டுக்கொண்டிருந்தது. அது திரும்பி என் காலைக் கவ்வியது. உதைத்தேன். விடவில்லை. தாடையில் மறுபடி உதைத்தேன். பேண்ட் கிழிந்தது, சதையும் கொஞ்சம் போனது. நாய் ஓடிய பிறகும் என் கால் காற்றை உதைத்துக்கொண்டிருந்தது.

அப்போதுதான் பயம் வந்தது. அவள் செத்த பிறகு எனக்கு வந்த முதல் பயம். டயர் இவ்வளவு நன்றாகப் பிடிக்கிறதே. அன்றைக்கு இது இருந்திருந்தால்?

காஞ்சிபுரத்தில் நாய்க்கடி ஊசி போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். பின் டயரைத் தடவிப் பார்த்தேன். ஓரம் வரை சொரசொரப்பு. இனி யாரும் மெழுகைச் சொல்ல முடியாது.

மறுநாள் காலை வளைவுக்குப் போனேன். செத்தைக்கு முன்னால் வண்டியை நிறுத்தினேன். செடி முழங்கால் உயரம் இருந்தது. பவளம் ஓரத்தில் உதிர்ந்த உளுந்தைத் துடைப்பத்தால் கூட்டிக்கொண்டிருந்தார். மதகுச் சுவரில் எல்லப்பன் பீடி பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மோகன்குமார் கவைக்கோலோடு என்னை நோக்கி வந்தான்.

"வா மாப்ள. புதுசு போட்டியாமே. எலுமிச்சம்பயம் வெச்சி நசுக்கினியாமே."

நான் ஹெல்மெட்டைக் கழற்றினேன்.

"அவ வருசத் திதி இன்னும் வரல. எங்கம்மா ஒரு நல்லது கெட்டதுக்குப் போறதில்ல, ஒரு புதுச்சீல எடுக்கல. நீ வண்டிக்குப் புதுத்துணி உடுத்திக்கினு ஊர்வலம் வர்றியா?"

"அட்த்து பொண்ணு பாக்கப் போறாரு போலகீது" என்றார் எல்லப்பன், புகையை விட்டுக்கொண்டே.

அந்த வார்த்தை போதுமாக இருந்தது. மோகன்குமார் என் வாயில் குத்தினான். உதடு பல்லில் அறுந்தது. அடுத்த குத்து காதுக்குக் கீழே. நான் கீழே விழுந்தேன். கவைக்கோலைத் திருப்பிப் பிடித்து முதுகில் அடித்தான். இடுப்பில் அடித்தான். கோல் முறிந்தது. பிறகு காலால் உதைத்தான். நான் கையை உயர்த்தவில்லை. வலித்தது. எங்கோ பக்கத்து வீட்டில் யாரையோ அடிப்பது போல இருந்தது.

"திருப்பி அடிடா! ஆம்பளதான நீ? திருப்பி அடி!"

"டேய், வாணாண்டா நைனா. செத்துகித்துப் போயிடப் போறான்" என்று பவளம் கத்தினார்.

மோகன்குமாருக்கு மூச்சு வாங்கியது. சுற்றிப் பார்த்தான். செத்தை ஓரத்தில் கிடந்த அரிவாளை எடுத்துக்கொண்டு வண்டியை நோக்கிப் போனான். பின் டயரின் முன்னால் குந்தினான்.

அப்போது எழுந்தேன். எப்படி எழுந்தேன் என்று தெரியவில்லை. பின்னாலிருந்து அவன் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினேன். அவன் திமிறினான். அவன் முகத்தைத் தார் ரோட்டில் வைத்து அழுத்தினேன். அரிவாளை விடும்வரை அழுத்தினேன். அவன் நெற்றித் தோல் கிழிந்தது.

"என்னை எவ்ளோ வேணா அடி மச்சான். டயர தொடாத."

அவன் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தான். "பாத்தியா எல்லப்பா? பொண்டாட்டி செத்ததுக்கு இவன் கண்ணுல ஒரு சொட்டு வரல. டயருன்னா மட்டும் கோவம் வர்து பாரு."

"புது டயரு இருந்திருந்தா உசுரோட இருந்திருப்பான்னு சொன்னது யாரு?" என்றேன்.

அவன் நெற்றியை மறுபடி துடைத்தான்.

"நீதான சொன்ன. ஊரெல்லாம் சொன்ன. போட்டாச்சு. அதே வண்டி, அதே எடம், அதே உளுந்து. நாப்பதுல போவேன். பின்னாடி ஏறு."

அரிவாளைக் கரைக்குக் கீழே எறிந்தேன். அது விழுந்த சத்தத்துக்கு ஏரியிலிருந்து கொக்குகள் எழும்பின.

"நீ வேணா தனியா போய்ச் சாவு" என்றான்.

"தனியா போனா நாப்பதுல போனேன்னு யாரு சாட்சி? நீ எம்பதுன்னுவ. வந்து மீட்டரப் பாரு."

எல்லப்பன் பீடியைக் கையில் பிடித்தபடி இறங்கி வந்தார். வம்பு பெரிதாவது அவருக்குப் பிடித்திருந்தது. "ஏன் மோகனு, ஏறேன். நீ கேட்ட டயருதான போட்டுக்கினு வந்துகீறான். புது டயரு பிடிக்கும்னு பந்தில சொன்ன, கோயில்ல சொன்ன. இன்னிக்கு மட்டும் பிடிக்காதா?"

"எனக்கு இன்னா பயமா?"

"பயம்னு நான் சொல்லலயே."

மோகன்குமார் செத்தையைப் பார்த்தான். டயரைப் பார்த்தான். பிறகு வந்து ஏறினான். அந்தப் பின்சீட்டு உயரமானது, ஏறத் தெரியாமல் என் தோளைப் பிடித்தான். நான் என் ஹெல்மெட்டை அவன் தலையில் மாட்டினேன். கழுத்துப் பட்டையை இழுத்து இறுக்கினேன்.

"உனக்கு?" என்றான்.

"எனக்கு வேணாம்."

பவளம் ஓடி வந்தார். "மாப்ள, உங்க கால்ல வேணா வுயறேன். கொஞ்சம் இருங்க, அந்தக் கல்லையும் முள்ளையும் எடுத்துடறேன், அந்தப் பக்கமா போவலாம்."

"அன்னிக்கி நாங்க வர்றதுக்கு முன்ன எடுத்தீங்களா அத்தே?"

அவர் கை அப்படியே நின்றது.

வண்டியைத் திருப்பி, பனைமரம் வரை போனேன். அங்கிருந்து கிளம்பினேன். மூன்றாவது கியர். வாயில் ஊறிய ரத்தத்தைத் துப்பினேன். மோகன்குமார் என் இடுப்பை இரண்டு கையாலும் பிடித்திருந்தான். சசிரேகா ஒரு கையைத்தான் வைப்பாள், தோளில்.

"எவ்ளோ?"

"நாப்பது."

"சத்தமா சொல்லு. எல்லப்பனுக்குக் கேக்கணும்."

"நாப்பதுடா!"

வளைவில் நுழைந்தேன். சாய்த்தேன். டயர் தாரைக் கவ்வியது. ஒவ்வொரு ஜல்லியும் கைக்குத் தெரிந்தது. இவ்வளவு பிடிப்பை அந்த வளைவில் நான் உணர்ந்ததே இல்லை. பிடித்துவிடும் என்று நினைத்தேன். பிடித்துவிட்டால் அவளைக் கொன்றது நான்தான். பிடிக்கக் கூடாது என்றும் நினைத்தேன். பிடிக்காவிட்டால் பின்னால் இருப்பவனும் அவள் மாதிரியே போவான். இரண்டையும் நினைத்துக்கொண்டே கைப்பிடியை அசைக்காமல் வைத்திருந்தேன்.

முன் சக்கரம் செத்தையில் ஏறியது. காய்கள் வெடித்தன. பிறகு கையில் எதுவும் தெரியவில்லை. செத்தைக்கு அடியில் உளுந்து, உளுந்துக்கு அடியில்தான் ரோடு. டயர் ரோட்டைத் தொடவே இல்லை. பேரிங் குண்டுகளைக் கொட்டி அதன் மேல் ஓட்டுவது போல. பின் சக்கரம் வெளிப்பக்கம் போனது. அன்றைக்குப் போன அதே பக்கம். அதே அமைதியோடு.

தரை வந்து தோளில் மோதியது. வண்டி என் காலின் மேல் சறுக்கியது. முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தோல் உரிந்து கொண்டுபோனது. எரிச்சலுக்கு முன்னால் குளிர்ச்சி வந்தது. மோகன்குமார் என்னைத் தாண்டி உருண்டான். மதகுக் கல்லில் அவன் தலை அடித்தது. தேங்காய் உடைகிற சத்தம்.

கொஞ்ச நேரம் எஞ்சின் மட்டும் கத்தியது. பிறகு அதுவும் நின்றது.

காலை இழுத்துக்கொண்டு அவனிடம் போனேன். ஹெல்மெட் உச்சியிலிருந்து காது வரை பிளந்திருந்தது. உள்ளே கண் அசைந்தது. வலது தோள் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. காறை எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்திருந்தது, வெள்ளையாக. அவன் வாந்தி எடுத்தான். பட்டையைக் கழற்றித் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தேன். எல்லப்பன் போனை எடுத்து ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். வார்த்தை வராமல் ஊர்ப் பெயரையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

எங்களுக்குப் பின்னால் சரக், சரக் என்று சத்தம் கேட்டது. திரும்பினேன். பவளம் முறிந்த கவைக்கோலால் செத்தையை ரோட்டை விட்டு ஓரமாக இழுத்துக்கொண்டிருந்தார். அழுதுகொண்டே இழுத்தார். ஒரு கையால் மூக்கைச் சிந்திவிட்டு மறுபடி இழுத்தார்.

"யம்மா" என்றான் மோகன்குமார்.

"தோ வந்துட்டேண்டா நைனா. யாராச்சும் வந்துடப் போறாங்க. இத வாரிப் போட்டுட்டு தோ வந்துட்டேன்."

"வாராத."

"போலீசு வருண்டா."

"வரட்டும். வாராத. அப்டியே கெடக்கட்டும்."

அவர் நிறுத்தவில்லை. அவனால் கத்த முடியவில்லை. என் சட்டையைப் பிடித்துத் தலையைத் தூக்கினான். வாயோரத்தில் ரத்தம், அதில் உளுந்து ஒட்டியிருந்தது. நான் அதைத் துடைத்தேன்.

"அன்னிக்கும் நாப்பதா?" என்று கேட்டான்.

"நாப்பதுதான்."

அவன் என் சட்டையை விடவில்லை. "யம்மா, நாப்பதுதாம்மா" என்றான். "அன்னிக்கும் நாப்பதுதானாம்."

சரக் சரக் நின்றது. பவளம் கோலைப் பிடித்தபடி நின்றார். பிறகு செத்தை மேலேயே உட்கார்ந்தார். "சசி" என்றார். உளுந்தை இரண்டு கையாலும் அள்ளித் தன் தலையில் போட்டுக்கொண்டார். மறுபடியும் அள்ளினார்.

தூரத்தில் டவுன் பஸ் ஹாரன் கேட்டது. எல்லப்பன் துண்டை வீசிக்கொண்டு அதை நிறுத்த ஓடினார். வண்டி கல்லுக்கும் முள்ளுக்கும் நடுவே கிடந்தது. பின் சக்கரம் மேலே தூக்கியிருந்தது. பட்டன் இடுக்கெல்லாம் உளுந்து நசுங்கி மாவாக அப்பியிருந்தது. டயரில் ஒரு கீறல்கூட இல்லை.